அடிப்படை ரத்தம்

காலை ஐந்தே முக்காலுக்கு ரத்தம் எடுப்பார்கள். ஆறு மணிச் சங்குக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. சங்கு ஊதிவிட்டால் அது கம்பெனியின் நேரம்.

எங்கள் ஆலை கர்த்தாகோ நகரத்திலிருந்து எரிமலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது. பூச்சிமருந்து ஆலை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இஞ்சினியர் ப்ரேனெஸ் ஒரு வரவேற்புரை வைத்திருந்தார்.

"விஷம் இங்க தயாராகுறதில்ல. கடல் தாண்டி, லிமோன் துறைமுகத்துக்கு, நீல டிரம்முல தயாராவே வந்து இறங்குது. நாம அதுல கரைப்பான் ஊத்துறோம். தண்ணியோட சேர்றதுக்குச் சோப்பு மாதிரி ஒண்ணு போடுறோம். தூளா கேட்டா வெள்ளைக் களிமண்ணு கலக்குறோம். உள்ள வர்றப்ப அது முழு விஷம். வெளிய போறப்ப பாதிகூட இல்ல. மீதிப் பாதியை எடுத்தது யாரு? நாமதான். இந்த நாட்டுலயே விஷத்தைக் குறைக்கிற ஒரே இடம் இதுதான்."

எல்லோரும் கைதட்டுவோம். பிறகு உள்ளே போவோம்.

நான் லேபிள் பகுதி. இரண்டாம் தொட்டியிலிருந்து வரும் மருந்துக்கு மூன்று பெயர்கள். உருளைக்கிழங்குக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று, ரோஜாவுக்கு ஒன்று. ரோஜாவின் புட்டிக்குத் தங்க நிற மூடி. மூன்றையும் நான்தான் ஒட்டினேன்.

என் அண்ணன் எலியேசெர் மேலே தியர்ரா பிளாங்கா என்ற மலைக்கிராமத்தில் உருளைக்கிழங்கு போடுகிறான். புழு சாகவில்லை என்று மூன்று புட்டிகளையும் வாங்கிக் கலந்து அடித்தான்.

"மூணும் ஒரே தொட்டிண்ணே."

"தெரியும். சொல்லாத."

"அப்புறம் எதுக்கு?"

"ஒண்ணு அடிச்சா பயமா இருக்கு, அனியா. மூணு அடிச்சா தூக்கம் வருது."

வெள்ளிக்கிழமைதோறும் அடிப்பான். புழு இருக்கிறதா என்று பார்க்கமாட்டான். சனிக்கிழமை லாரி வரும். ஒரு கிழங்கில் ஊசித்துளை இருந்தாலும் மூட்டையைக் கீழே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். தலைநகர் சான் ஹோசேயில் சந்தைக்கு வரும் பெண்கள் துளை விழுந்த கிழங்கைக் கையால் தொடுவதில்லை.

"புழு தின்னு உயிரோட இருந்தா அது நல்ல கிழங்குன்னு அர்த்தம்," என்பான் எலியேசெர். "அதைப் போய் அந்தப் பொம்பளைங்களுக்கு யாரு புரியவைக்கிறது?"

வீட்டுக்குத் தனியாகச் சில வரிசைகள் வைத்திருந்தான். அவற்றில் அடிப்பதில்லை.

என் கணவன் ஓல்மானுக்குக் கலவைக்கூடம். நீல டிரம்மைத் திறப்பவன், ஊற்றுபவன், துடுப்பால் கிளறுபவன். கலவைக்கூடத்து ஆட்களைச் சந்தையில் பார்த்தாலே தெரியும். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். குளிரிலும் வியர்க்கும். தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். ஓல்மான் என்னைக் கூப்பிட நினைத்தால் முதலில் தன் தங்கை மயேலாவின் பெயரைச் சொல்வான், பிறகு இறந்துபோன அம்மாவின் பெயர், கடைசியில் என் பெயர். எனக்குப் பொறுமை உண்டு. காத்திருப்பேன்.

ரத்தம் எதற்கு எடுக்கிறார்கள் என்று ஆலையின் நர்ஸ் செனெய்தா எங்களுக்கு ஒருமுறை விளக்கினாள்.

"நரம்பு ஒரு உத்தரவு போடுது. கை மடங்குது. மடங்கினதும் அந்த உத்தரவை அழிக்கணும். அழிக்கிறதுக்குன்னே உடம்புல ஒரு நொதி இருக்கு. மருந்து அதைத்தான் கொல்லும். புழுவுக்கு உத்தரவு மேல உத்தரவு சேர்ந்து துடிதுடிச்சுச் செத்துரும்."

"நமக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நமக்கு உடம்பு பெருசு. நேரமாகும். அந்த நொதி எவ்வளவு மிச்சம்னு ரத்தத்துல தெரியும். அதான் மாசாமாசம் பாக்குறோம்."

பார்ப்பது தேசிய உழைப்பாளர் ரத்த நிறுவனம். ஆலை தொடங்கிப் பல வருடங்கள் கழித்துத்தான் நிறுவனம் தொடங்கியது. தொடங்கிய அன்று வெள்ளை வேனில் வந்து ஒவ்வொருவருக்கும் முதல் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம். ஓல்மான் ஒரு கையுறையை மட்டும் கழற்றிக்கொண்டு தொட்டியிலிருந்து நேராக வந்தான். வரும் வழியில் சுவரோரம் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கேக் தந்தார்கள்.

அன்றைய ரத்தத்துக்கு அடிப்படை ரத்தம் என்று பெயர் வைத்தார்கள். அதுதான் நூறு. அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தை எல்லாம் அதோடு ஒப்பிடுவார்கள். எழுபதுக்குக் கீழே போனால் ஆளைக் கலவைக்கூடத்திலிருந்து எடுத்து, ஆலை வாசலில் இருக்கும் ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குப் போட வேண்டும். புது மண்வெட்டி, வைக்கோல் தொப்பி, எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள்.

யாரும் எழுபதுக்குக் கீழே போகவில்லை. தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு, நூறு. ஒவ்வொரு வருடமும் நிறுவனம் ஆலைக்கு 'வீழ்ச்சியே இல்லாத ரத்தம்' என்று ஒரு பித்தளைப் பலகை கொடுத்தது. மண்வெட்டியின் கைப்பிடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

அப்போதுதான் ஓல்மானின் கணுக்கால் முறிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்தில் கிடங்குக்காரன் ஒருவன் உதைத்தது. மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள். மயேலா கடற்கரையில், கார்சா என்ற மீனவர் ஊரில் இருக்கிறாள். அங்கே கொண்டுபோய் விட்டேன்.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முதல் முறை போனபோது தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை மயேலாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"பொரிச்ச மீனு காலையில, மத்தியானம், ராத்திரி. வேற ஒண்ணும் தெரியாதா உனக்கு?"

"திங்கிறது மூணு ஆளு தீனி. பேச்சைப் பாரு. அண்ணி, இவனைக் கூட்டிட்டுப் போயிருங்க."

ஓல்மான் சண்டை போட்டுப் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. நான் வாசலிலேயே நின்று கேட்டேன்.

மூன்றாம் முறை படகோரம் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் நைலான் நரம்பு கோத்துக்கொண்டிருந்தான். கண்ணுக்கு அருகில்கூடக் கொண்டுபோகவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே "அனியா" என்றான். மயேலா இல்லை, அம்மா இல்லை. நேராக என் பெயர்.

அன்று ராத்திரி சொன்னேன். "நீ அந்தக் கூடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது."

"தோட்டத்துல போடச் சொல்லிக் கேக்குறேன்."

"கேக்கணும்."

"கேக்குறேன்னு சொல்றேன்ல. ரோஜாவுக்கு மண்ணு வெட்டத் தெரியாதா எனக்கு?"

வேலைக்குத் திரும்பிய அன்று ஐந்தே முக்காலுக்கு ரத்தம் எடுத்தார்கள். நூற்றுத் தொண்ணூறு.

செனெய்தா இயந்திரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"நீ என்ன பண்ணின ஓல்மான்?" அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

"ஒண்ணும் பண்ணல. கால் ஒடைஞ்சது."

இஞ்சினியர் ப்ரேனெஸ் ஓடி வந்தார். எண்ணைப் பார்த்தார். ஓல்மானைப் பார்த்தார். பிறகு மூன்றடி தள்ளி நின்றுகொண்டார்.

மத்தியானத்துக்குள் வெள்ளை வேன் வந்துவிட்டது. நான்கு பேர் இறங்கினார்கள். தலை முதல் கால் வரை மூடிய உடை, ரப்பர் பூட்ஸ், வாயில் இரட்டை வடிகட்டிக் குடுவை வைத்த முகமூடி. அப்படி ஓர் உடையை நாங்கள் ஆலைக்குள் முதல்முறையாகப் பார்த்தோம். கலவைக்கூடத்தின் வழியாக, திறந்திருந்த டிரம்களைத் தாண்டி, ஓல்மானிடம் போனார்கள். மற்றவர்கள் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?" முகமூடிக்குள்ளிருந்து ஒருவன் கேட்டான்.

"மீனு. சோறு, பீன்ஸ். இளநீ."

"காத்து?"

"கடக்காத்து."

"எவ்வளவு நேரம்?"

"நாள் முழுக்க."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுஉத்தரவு வரும்வரை வேலைக்கு வராமல் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

மறுவாரம் மயேலா போன் செய்தாள். வேன் கார்சாவுக்கும் போயிருந்தது. மணலை எடுத்தார்களாம், கிணற்றுத் தண்ணீரை எடுத்தார்களாம். கோழிக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்களாம். 'நொதியை உயர்த்தும் மாசு இருக்கலாம்' என்று கடற்கரையில் பலகை நட்டுவிட்டு, வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பக்கத்து வீட்டுல படுத்திருக்கேன் அண்ணி. மீனு விக்க முடியலன்னு ஊரே என்னைத் திட்டுது. உன் அண்ணன் ரத்தத்தை அவனோடயே வெச்சுக்கச் சொல்லுங்கிறாங்க."

ஆலையில் வேறு மாதிரி நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஆறு பேர் கீழே விழுந்தார்கள். ஆறு பேரும் கலவைக்கூடம். பந்து அப்போது மைதானத்தின் மறுபக்கம் இருந்தது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அதில் ஒருவன் முழங்காலைப் பிடித்திருந்தான். பக்கத்திலிருந்தவன் அவனை ஓர் உதை விட்டு, "கணுக்கால்டா, மடையா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நிறுவனம் பந்தாட்டத்தைத் தடை செய்தது.

பிறகு ஓல்மானை சான் ஹோசேக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். விதிப்படி ஒவ்வொரு ரத்தத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். நான் போனேன்.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எங்களுக்காக என்று நினைத்து நான் தலையாட்டினேன். எங்களுக்குப் பின்னால் ஒருவன் தட்டில் ஓல்மானின் ரத்தத்தை ஏந்தி வந்துகொண்டிருந்தான். சின்னக் குழாய். அதைக் கொண்டுபோய் மேசை மேல் ஒரு வெல்வெட் மெத்தையில் வைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓல்மானுக்கு நாற்காலி இல்லை. ரத்தம் வந்தால் போதும், ஆள் வருவதில்லை, அதனால் போடும் வழக்கமில்லை என்று சொன்னார்கள்.

நான் கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னேன். 'இந்த ரத்தத்தை நான் அறிவேன்.'

நடுவில் இயக்குநர் டாக்டர் அர்கேதாஸ். இரண்டு பக்கமும் இரண்டு டாக்டர்கள். ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண்.

"எப்படி இருக்கீங்க, தோன் ஓல்மான்?" பெரியவர்களின் பெயருக்கு முன் போடும் மரியாதையைச் சேர்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்."

தட்டச்சு ஓசை.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா."

"இதுக்கு முன்னால எப்பவாவது இப்படி இருந்திருக்கீங்களா?"

ஓல்மான் யோசித்தான். "சின்ன வயசுல."

"மறுபடி வந்திருக்கு," என்றார் டாக்டர் அர்கேதாஸ் இடது பக்கத்து டாக்டரிடம். "தூக்கம்?"

"நல்லா வருது."

"கெட்ட கனவு?"

"ஞாபகம் இல்ல டாக்டர்."

"ஞாபகம் இல்ல." டாக்டரின் முகத்தில் சற்று நம்பிக்கை தெரிந்தது. "வேற என்னவெல்லாம் ஞாபகம் இல்ல?"

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு."

"கையை நீட்டுங்க."

நீட்டினான். விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார்கள். தாள் அசையவில்லை. மூன்று டாக்டர்களும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள்.

"அசையவே இல்லையே," என்றார் ஒருவர்.

"விறைப்பா இருக்குமோ?"

"இருக்கலாம்."

தட்டச்சு ஓசை. ஓல்மான் கையை நீட்டியபடியே கேட்டான்.

"டாக்டர், ஒண்ணு சொல்லலாமா?"

"தாராளமா."

"நீங்க மொத ரத்தம் எடுத்தீங்களே, அன்னைக்கு நான் தொட்டியிலேர்ந்து நேரா வந்தேன். வழியில வாந்தி எடுத்தேன். அந்த ரத்தம் கம்மியா இருந்திருக்கும். இப்ப ஏறல. அன்னைக்குத்தான் இறங்கியிருந்துச்சு."

தட்டச்சு நின்றது. அந்தப் பெண் இயக்குநரைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு குழந்தை முதல்முறை பேசியதைக் கேட்டவர் போலச் சிரித்தார்.

"அருமையான கேள்வி, தோன் ஓல்மான். நாங்க கேக்காத கேள்வின்னு நினைக்கிறீங்களா? மூணு கமிட்டி போட்டுக் கேட்டிருக்கோம். மூணு தடவையும் கேள்வி சரின்னுதான் முடிவாச்சு."

"அப்ப?"

"அதனாலதான் பதிலை ஒத்திவெச்சோம். யோசிச்சுப் பாருங்க. உங்க அடிப்படை தப்புன்னா உங்ககூட வேலை செய்ற முந்நூறு பேரோட அடிப்படையும் தப்பு. அப்ப முந்நூறு பேரும் நோயாளி. எப்ப இருந்து? எங்க நிறுவனம் வர்றதுக்கு முன்னால இருந்து. சரி, அவங்களை எங்க அனுப்புறது? தோட்டத்துக்கு. தோட்டத்துல எத்தனை ரோஜாச்செடி இருக்கு இஞ்சினியர்?"

பின்வரிசையில் இருந்த ப்ரேனெஸ் எழுந்தார். "பத்தொம்பது, டாக்டர்."

"பத்தொம்பது. இங்க உக்காந்திருக்கிற எனக்கு ஒரு பொறுப்பு இருக்கு. ஒரு ஆள் நல்லா இருக்கிறாருன்னு ஒத்துக்கிறதுக்காக முந்நூறு பேரை நோயாளியாக்க என்னால முடியாது. அவங்களுக்குக் குடும்பம் இருக்கு. காலையில எந்திரிச்சு, நமக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சு வேலைக்குப் போறாங்க. அந்த நிம்மதியை யார் கொடுத்தது? நாங்க. எல்லாத்துக்கும் மேல உருளைக்கிழங்கு இருக்கு. அது அழுகட்டும்னு சொல்றீங்களா? உங்க மச்சான் எலியேசெர் விவசாயிதானே?"

எலியேசெரின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்னைத் தோட்டத்துல போட்டுருங்க," என்றான் ஓல்மான். "மத்தவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அது போதும்."

"தோட்டம் இறங்கினவங்களுக்கு. நீங்க ஏறியிருக்கீங்க."

"அப்ப வேலையை விட்டுடறேன்."

"அசாதாரண ரத்தத்தோட வெளிய விட முடியாதே. நாளைக்கு இன்னொரு ஆலைக்குப் போவீங்க. அங்க ரத்தம் எடுப்பாங்க. அவங்க கேக்க மாட்டாங்களா, இவர் எங்கேர்ந்து வர்றாரு, அங்க இருக்கிறவங்க ஏன் இப்படி இல்லன்னு?"

நான் எழுந்தேன். "டாக்டர், அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல நான் பாக்குறேன். நல்லா பேசுறாரு, சிரிக்கிறாரு, சண்டை போடுறாரு."

"சண்டையா?"

"அதான் டாக்டர் நல்லதுன்னு சொல்றேன்."

"எழுதிக்கம்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "எரிச்சல். ஆக்ரோஷம்." பிறகு என்னிடம் கனிவாகத் திரும்பினார். "உங்க கவலை புரியுது. பயப்படாதீங்க. குணப்படுத்திரலாம்."

சிகிச்சையை அன்றே முடிவு செய்தார்கள். ரத்தம் நூறுக்குத் திரும்பும்வரை இரண்டாம் தொட்டியின் பக்கத்தில் இருக்க வேண்டும். முகமூடி இல்லாமல், ஏனென்றால் முகமூடி சிகிச்சையைத் தாமதப்படுத்தும். காலையில் வேன் வீட்டுக்கு வந்து அழைத்துப் போகும். சம்பளம் உண்டு. சிகிச்சைக்குச் சம்பளம் கொடுக்கும் நாடு உலகத்தில் வேறு ஏதாவது உண்டா என்று டாக்டர் அர்கேதாஸ் எங்களைக் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஓல்மான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"மலைக்குப் போயிரலாம்," என்றேன். "எலியேசெர் வீட்டுக்கு."

"வெள்ளிக்கிழமையானா உன் அண்ணன் அடிக்கிறான். அங்க போயும் இதே தொட்டிதான்."

"வேற எங்கயாவது."

"வேன் வரும் அனியா. கோழிகிட்டயே ரத்தம் எடுத்தவங்க." ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினான். "நீ ஒண்ணு பண்ணு. இப்ப நான் சொல்றதை எல்லாம் கேட்டு வெச்சுக்க."

கர்த்தாகோ வரும்வரை பேசிக்கொண்டே வந்தான். நாங்கள் முதலில் சந்தித்த திருவிழாவில் என் செருப்பு அறுந்தது, அதைச் சுமந்துகொண்டு அவன் நடந்தது, என் அப்பா அவனைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி. நான் மறந்துபோயிருந்தவையும் அதில் இருந்தன.

சிகிச்சை தொடங்கியது. ஆலை வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். தினமும் எண்ணை எழுதினார்கள். 'ஓல்மான்: 184.' காவலாளி எழுந்து சல்யூட் அடித்தான். 'ஓல்மான்: 171.' சாப்பாட்டுக்கூடத்தில் கைதட்டினார்கள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். அவர்கள் இப்போது நிறுவனத்தின் கண்காணிப்பில் இருந்தார்கள். இஞ்சினியர் ப்ரேனெஸ் வரவேற்புரையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். "நம்ம தொட்டி பூச்சியை மட்டும் இல்ல, மனுஷனையும் சரி பண்ணுது."

நான் லேபிள் மேசையிலிருந்து கண்ணாடித் தடுப்பு வழியாக அவனைப் பார்ப்பேன். ஆவி தொட்டியிலிருந்து எழும்பும். அவன் முகத்தைத் திருப்புவான். பக்கத்தில் நிற்கும் செனெய்தா அவன் தாடையைப் பிடித்து மெதுவாக மறுபடி நேராக்குவாள். அவளுக்கு அழுகை வந்ததா, ஆவியில் கண் கரித்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் முகமூடி போட்டிருந்தாள்.

நூற்று ஐம்பதில் அவன் மீன்முள் எடுக்க முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டான். நூற்று முப்பதில் சண்டை போடுவதை நிறுத்தினான். சண்டை இழுத்துப் பார்த்தேன். காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றான். நூற்றுப் பத்தில் தலையணை நனைந்தது. பஸ்ஸில் சொன்னவற்றை ஒவ்வொன்றாக அவனிடம் திருப்பிச் சொன்னேன். செருப்பு அறுந்த கதையை ஆர்வமாகக் கேட்டான். "அப்புறம் அந்தப் பையன் என்ன பண்ணினான்?" என்று கேட்டான்.

ஒரு புதன்கிழமை கரும்பலகையில் 'ஓல்மான்: 100' என்று எழுதி, சுற்றிலும் வண்ணச் சுண்ணக்கட்டியால் பூ வரைந்திருந்தார்கள்.

விழா ஆலை முற்றத்தில் நடந்தது. மாரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தை வாசித்தார்கள். டாக்டர் அர்கேதாஸ் வந்திருந்தார். கடலோரப் பகுதிகளில் நிலவும் ஆரோக்கியம் தொழிலாளரிடையே பரவாமல் தடுத்த முதல் நிறுவனம் இது என்று இஞ்சினியர் ப்ரேனெஸ் பேசினார். பிறகு டாக்டர் பேசினார்.

"இன்னைக்கு ஒரு மனுஷனை அவரோட அடிப்படைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கோம். உங்களை உங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறதுதான் எங்க வேலை. வேற எந்த நிறுவனம் இதைச் செய்யுது?"

ஓல்மானை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பித்தளைப் பலகையைக் கையில் கொடுத்தார்கள். அது அவன் கையில் நடுங்கியதில் சூரிய ஒளி பட்டு, முன்வரிசையில் இருந்தவர்களின் முகங்களில் வெளிச்சம் துள்ளியது. அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஓல்மானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். வாயோரம் ஈரமாக இருந்தது. நான் மேடைக்கு ஏறி என் கைக்குட்டையால் துடைத்தேன். "நன்றி" என்றான், கடையில் சில்லறை வாங்கிக்கொள்கிறவனைப் போல.

"சாட்சியும் வந்துட்டாங்க," என்றார் டாக்டர் அர்கேதாஸ்.

செனெய்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். உதடு அசையாமல் பேசினாள். "விதிப்படி உன்கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. இல்லன்னு சொன்னா சிகிச்சை பத்தலன்னு அர்த்தம். இன்னும் ஒரு மாசம் தொட்டிப் பக்கத்துல, முகமூடி இல்லாம."

"ஆமான்னு சொன்னா?"

"குணமாயிட்டாருன்னு முடிச்சிருவாங்க. நாளைக்கு வழக்கம்போல கலவைக்கூடம்."

"முகமூடியோட?"

"வழக்கம்போலன்னு சொன்னேன்ல."

மாரிம்பா நின்றது. முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். எல்லோருடைய கண்மணியும் குண்டூசித் தலை அளவு. ஓல்மான் பலகையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர்களைப் போலவே, யாரோ ஒருத்தி என்ன சொல்லப்போகிறாள் என்று என்னைப் பார்த்தான். டாக்டர் அர்கேதாஸ் மைக்கை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்.

"சொல்லுங்கம்மா. இவர் உங்க பழைய ஓல்மான்தானே?"